தொடாமல் வாங்கிய காய்கறி

நூல்கோலில் நகத்தை வைத்தது என் தப்புதான்.

2020 ஏப்ரல் முதல் வாரம். தென்மேற்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரத்துப் பேராலயத்தைச் சுற்றிக் கூடும் சந்தை. பத்து நாளுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே கிடந்த கைக்கு, பச்சைக் காய்களைக் கண்டதும் வேறெதுவும் நினைவில்லை. முற்றலா பிஞ்சா என்று பார்க்கக் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. சென்னையில் சுரைக்காயானாலும் முள்ளங்கியானாலும் இந்த நகச் சோதனை இல்லாமல் எங்கள் வீட்டுப் பைக்குள் நுழைந்ததில்லை. வெண்டைக்காய் என்றால் நுனி ‘டக்’கென்று ஒடியவேண்டும்.

“நிஹ்ட் அன்ஃபாசன்!” தொடக்கூடாது!

கடைக்கார அம்மாள் போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் நான் கீறிய நூல்கோலைத் தனியாக ஒரு காகிதப் பையில் போட்டு, “இது உங்களுடையது” என்று நீட்டினார். காசைக் கொடுத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து சந்தையைவிட்டு வெளியே வந்தேன். அடுத்தவரிடமிருந்து விலகுகிறேன் பேர்வழி என்று, அந்த ஊர்த் தெருக்களில் ஓடும் சின்ன வாய்க்காலில் ஒரு காலையும் விட்டேன். பெக்லெ என்று அதற்குப் பெயர். அதில் தவறி விழும் வெளியூர்க்காரர் உள்ளூரில்தான் கல்யாணம் செய்துகொள்வார் என்று கதை சொல்வார்கள். எனக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டதால் ஷூ நனைந்ததோடு போயிற்று.

நூல்கோல் பிஞ்சுதான். பொரியல் நன்றாக இருந்தது.

அந்த வசவுக்குப் பிறகு இரண்டு வருடம், வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தச் சந்தைக்குப் போயிருக்கிறேன். ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை. அதற்கு முன் ஜெர்மனியில் இருந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டதைவிட, தொடாமல் வாங்கிய அந்த இரண்டு வருடத்தில் காய்கறியைப் பற்றியும் ஜெர்மன் மொழியைப் பற்றியும் அதிகம் தெரிந்துகொண்டேன். கை கட்டப்பட்டதும் வாய் திறந்தாகவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்போதைய நிலவரம் மறந்திருக்கலாம். 2020 மார்ச் 16 அன்று மத்திய அரசும் மாநிலங்களும் கொரோனா காரணமாக எதையெதை மூடுவது என்று பட்டியல் போட்டபோது, மூடாமல் விட வேண்டியவற்றில் மளிகைக்கடை, மருந்துக்கடையோடு வாரச்சந்தையையும் சேர்த்திருந்தார்கள். ஃப்ரைபுர்க் ஒரு படி மேலே போய், மார்ச் 21 முதல் பொது இடங்களில் நடமாடவே தடை போட்டது. ஜெர்மனியின் பெருநகரங்களில் அப்படிச் செய்த முதல் ஊர் அதுதான். பூங்காவில் நண்பர்களோடு கூட்டமாகச் சேரக்கூடாது, ஆனால் சந்தைக்குப் போகலாம். சூப்பர் மார்க்கெட்டில் மாவு, ஈஸ்ட், கழிப்பறைக் காகிதம் மூன்றும் இருந்த தட்டுகள் காலி. வெள்ளெலி கன்னத்தில் தானியத்தை அடைத்துவைத்துக்கொள்வதுபோல வாங்கிக் குவிப்பதற்கு ஜெர்மன்காரர்கள் ‘ஹம்ஸ்டர் வாங்கல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சந்தையிலோ உருளைக்கிழங்கும் கேரட்டும் வழக்கம்போல மலையாகக் கிடந்தன. கீரையை யாரும் ஹம்ஸ்டர் செய்ய முடியாதே!

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கே நிற்கிறோம் என்பதே அங்கே பாதி வியாபாரம். மூன்ஸ்டர் என்று அழைக்கப்படும் பேராலயத்தின் கோபுரம் 116 மீட்டர். ஞாயிறு தவிர தினமும் காலையிலிருந்து மதியம்வரை அதைச் சுற்றிச் சந்தை. வடக்குப் பக்கம் பெரும்பாலும் சுற்றுவட்டார விவசாயிகள். கைசர்ஷ்டூல், தூனிபெர்க் மலைச்சரிவுகளிலும் ரைன் சமவெளியிலும் விளைந்ததைத் தாங்களே கொண்டுவந்து விற்பவர்கள். தெற்குப் பக்கம் வியாபாரிகள். ஆரஞ்சு, ஆலிவ், மசாலாப் பொருள், மரச்சாமான். வடக்குப் பக்கத்தை நம் ஊர் உழவர் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டத்தின் யோசனை இங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். இந்த வடக்கு தெற்கு வித்தியாசம் தெரியாமல், மொத்த விலைக்கடையில் எடுத்துவந்த ஸ்பெயின் தக்காளியை ‘பண்ணைத் தக்காளி’ என்று நினைத்து இரண்டு வருடம் வாங்கித் தின்றிருக்கிறேன். யாரும் ஏமாற்றவில்லை. எந்த நாட்டில் விளைந்தது என்று சிலேட்டில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். நான்தான் விலையை மட்டும் படித்தேன். எந்த ஊர்ச் சந்தையாக இருந்தாலும் ‘சொந்த விளைச்சல்’ என்ற பலகையைத் தேடுங்கள். ‘பியோ’ என்ற சொல்லை இயற்கை விவசாயச் சான்று இல்லாதவர் போடமுடியாது. டிஈ-ஓகோ என்று தொடங்கும் ஓர் எண்ணும் கூட இருக்கும். ‘நம் வட்டாரத்தது’ என்ற சொல்லுக்கு அப்படிச் சட்டக் காவல் கிடையாது. எத்தனை கிலோமீட்டர் வட்டாரம் என்று கேட்டால் நல்ல விவசாயி ஊர்ப்பெயரையே சொல்லிவிடுவார்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. கொரோனாவுக்கு முன் ஜெர்மன் சந்தையில் வரிசை உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கடையைச் சுற்றி அரைவட்டமாக ஆட்கள் நிற்பார்கள். தனக்கு முன் யார் வந்தார், பின் யார் வந்தார் என்று ஒவ்வொருவர் தலைக்குள்ளும் கணக்கு ஓடும். “அடுத்தது யார்?” என்று கடைக்காரர் கேட்டதும் சரியான ஆள் வாய் திறப்பார். நான் திறக்கமாட்டேன். பத்து நிமிடம் சிரித்த முகத்தோடு நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போன நாட்கள் உண்டு. ஒன்றரை மீட்டர் இடைவெளி வந்ததும் தரையில் கோடு விழுந்தது, கோட்டின் மேல் வரிசை வந்தது. என்னைப் போன்ற கூச்சக்காரிகளுக்குக் கொரோனா செய்த ஒரே உபகாரம் அது. முன்னால் நான்கு பேர் என்றால் ஆறு மீட்டர்; ஆறு மீட்டருக்குள் கேட்கவேண்டிய வாக்கியத்தை நான்கு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன வாக்கியம் என்பதுதான் விஷயம். முதல் சில வாரம் “ஒரு கிலோ உருளைக்கிழங்கு கொடுங்கள்” என்று கேட்டேன். “எதற்கு?” என்றார் கடைக்காரர். எனக்குச் சுருக்கென்றது. சாப்பிடத்தான், வேறெதற்கு? எதையோ கைகாட்டி வாங்கிவந்துவிட்டேன். அன்று ராத்திரி மசால் தோசை. குக்கரில் ஐந்து விசில் விட்டும் கிழங்கு உடையவில்லை. மத்தால் குத்தினேன், ஈயப்பாத்திரம் ஒட்டும் பசைபோல இழுத்துக்கொண்டு வந்தது. என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இதை வச்சுக் கவர் ஒட்டலாம் போல” என்றார்.

அடுத்த வாரம் அதே கடைக்காரரிடம் புகார் சொல்லப் போய், பாடம் கேட்டுத் திரும்பினேன். ஜெர்மனியில் உருளைக்கிழங்கை வேகும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரித்து விற்கிறார்கள். ஃபெஸ்ட்கொகண்ட் என்றால் வெந்தாலும் உடையாது, வட்டவட்டமாக நறுக்கிச் சாலட் செய்யலாம். மேலிக்கொகண்ட் என்றால் மாவாக உதிரும். நடுவில் ஒரு ரகம் ‘பெரும்பாலும் உடையாதது’. நான் வாங்கிவந்தது முதல் ரகம். எங்கள் வீட்டுக் கணக்கு இப்போது இது: மசால், போண்டா, கட்லெட், ஆலு பராத்தாவுக்கு மாவு ரகம், வறுவலுக்கும் காரக்கறிக்கும் உடையாத ரகம், குருமாவுக்கும் சாம்பாருக்கும் நடு ரகம். சூப்பர் மார்க்கெட் மூட்டையிலும் இது அச்சிட்டிருக்கும், படிப்பதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அன்றிலிருந்து காயின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, சமையலைச் சொல்ல ஆரம்பித்தேன். “இன்று ராத்திரிக்கு, நசுக்கவேண்டும், காரமாகத் தாளிப்பேன்.” “வேகவைத்துக் குழம்பில் போடுவேன், இரண்டு நாள் கழித்து.” ஜெர்மன் இலக்கணம் தலைகீழாக நின்றிருக்கும், ஆனாலும் பலன் கைமேல். பழம் என்றால் “இன்றைக்கா நாளைக்கா?” என்று அவர்களே கேட்பார்கள். இன்றைக்கு என்றால் கனிந்தது, நாளை மறுநாளுக்கு என்றால் கொஞ்சம் காய்வாட்டானது. நம் விரல் செய்யவேண்டிய சோதனையை அவர் விரல் செய்து கொடுக்கிறது, அவர் விரலுக்கு அனுபவமும் அதிகம். இரண்டாவது வாரமும் அதே கடைக்குப் போங்கள், “போன வாரம் கொடுத்த பேரிக்காய் நன்றாக இருந்தது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூன்றாவது வாரம் அழுகல் உங்கள் பைக்குள் வராது. வந்தாலும் சண்டை வேண்டாம், அடுத்தமுறை சொன்னால் ஒன்று கூடப் போடுவார்கள். சுற்றிச் சுற்றிப் பத்துக் கடை ஏறி இறங்குவது நம் ஊர்ச் சாமர்த்தியம். இங்கே ஒரே கடையில் முகம் பழகுவதுதான் சாமர்த்தியம். பேரம் பேசாதீர்கள். எடை கொஞ்சம் ஏறினால் “கொஞ்சம் கூட இருக்கலாமா?” என்று கேட்பார்கள், காசு கூடும். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம், முகம் சுளிக்கமாட்டார்கள்.

எனக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒன்றாக வந்தது கீரையால்தான்.

நூல்கோல், கேரட், சிவப்பு முள்ளங்கி, பீட்ரூட் எல்லாம் இங்கே இலையோடு கட்டாக வரும். வாங்கியதும் “இலை வேண்டுமா, எடுத்துவிடவா?” என்பார்கள். எல்லோரும் எடுத்துவிடச் சொல்வார்கள். திருகி, கீழே உள்ள பெட்டியில் எறிவார்கள். எனக்கு வயிறு எரிந்தது. முள்ளங்கிக் கீரையும் பீட்ரூட் கீரையும் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் வேறென்ன வேண்டும்? ஒருநாள் துணிந்து, “அந்தப் பெட்டியில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் (நூல்கோல் விவகாரத்தில் என்னைத் திட்டிய அதே அம்மாள்) பை நிறைய அடைத்துக் கொடுத்துவிட்டு, “உங்கள் வீட்டில் எத்தனை முயல்?” என்றார்.

“மூன்று” என்றேன். “ஒன்றுக்கு ஏழு வயது, பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது.”

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் வருவது தெரிந்தால் நூல்கோல் இலையைத் தனியாக எடுத்துவைப்பார். இளசாக இருந்தால் காம்பைக் கிள்ளிவிட்டுப் பொடியாக நறுக்கி, தேங்காய் போட்டு வதக்கலாம். கேரட் இலையில் கொஞ்சம் கசப்பு உண்டு. கொத்தமல்லித் துவையலோடு பாதி சேர்த்து அரைத்தால் தெரியாது. ஏழைக்குக் கீரை கிடைத்தது, அவருக்குக் குப்பை குறைந்தது. ஒருநாள் அவரே, “அந்தக் கீரையை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டார். ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து கத்திக் கத்திக் கடுகு தாளிப்பதை விளக்கினேன். வரிசையில் பின்னால் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாம்பார், கூட்டு வகையறாவுக்கு வேறு என்னென்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: மங்கோல்ட் என்ற தடித்த காம்புக் கீரை மசியலுக்குத் தோதானது. ரெட்டிஹ் என்பது நம் வெள்ளை முள்ளங்கி. இலையுதிர்காலத்தில் வரும் ஹொக்கைடோ பூசணியைத் தோல் சீவாமலே சமைக்கலாம். பரங்கிக்காய்ப் பால்கூட்டுக்கு அதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. பெப்பரோனி என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள், அது மிளகாய். கறிவேப்பிலைக்கு மட்டும் ஆசியக் கடைதான் கதி.

ஊரடங்கு தொடங்கிய வாரத்தில் எங்கள் மாடிப்படிச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினேன்: “கடைக்குப் போகமுடியாத பெரியவர்களுக்கு வாங்கித் தருகிறேன்.” அப்போது நாடு முழுக்க நிறையப் பேர் ஒட்டினார்கள். கீழ்வீட்டுப் பாட்டி, எண்பது வயது தாண்டியவர், பட்டியலைக் கதவிடுக்கில் செருகிவைத்தார். பழைய பாணிக் கையெழுத்து. ‘மஞ்சள் கிழங்கு 2 பவுண்டு, சூப்புப் பச்சை 1, முட்டை 6’ என்று இருந்தது. மஞ்சள் கிழங்கு என்றால் தெற்கத்திப் பேச்சில் கேரட் என்பதைக் கண்டுபிடிக்கவே ஒருநாள் ஆயிற்று. பவுண்டு என்றதும் 453 கிராம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து 900 கிராம் கேட்டேன். கடைக்காரர் விழித்தார். ஜெர்மன் பவுண்டு சரியாக அரைக் கிலோ. ‘ஐன் ஃபுண்ட்’ என்று கேட்டுப் பாருங்கள், வயதான விவசாயிகளுக்கு முகம் மலரும். சூப்புப் பச்சை என்பது ஒரு துண்டு செலரிக் கிழங்கு, கேரட், லீக் தண்டு, பார்ஸ்லி எல்லாம் சேர்த்துக் கட்டிய கட்டு. நம் ஊரில் பத்து ரூபாய்க்கு கறிவேப்பிலை, கொத்தமல்லி, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்துக் கொடுப்பார்களே, அதன் அண்ணன்.

முட்டைக்கு அந்தப் பாட்டி வைத்த நிபந்தனை: முதல் எண் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருக்கவேண்டும். ஒவ்வொரு முட்டை மேலும் ஓர் எண் அச்சடித்திருக்கும். 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 திறந்தவெளியில் மேயும் கோழி, 2 கொட்டகைக்குள் தரையில் வளர்வது, 3 கூண்டு. பிறகு நாட்டுக் குறியான டிஈ, அடுத்த இரண்டு எண் மாநிலம்; எங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்குக்கு 08. சந்தையில் பிரித்து விற்கும் முட்டையிலும் இந்த முத்திரை இருக்கவேண்டும். ‘எங்கள் ஊர் முட்டை’ என்று பலகை வைத்திருந்து, முத்திரையில் வேறு மாநில எண் இருந்தால் கேள்வி கேட்கலாம். பையை வாசலில் வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டு, நான்கு படி ஏறி நின்று பேசுவேன். அவர் கதவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்து எண் படிப்பார்.

ஏப்ரல் நடுவில் ஷ்பார்கல் வந்துவிட்டது. வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு. மண்ணைக் குவித்து மூடி, வெயில் படாமல் வளர்த்து, தலை தெரிந்ததும் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் கைவிட்டு வெட்டி எடுப்பார்கள். ஜெர்மன்காரர்களுக்கு இது காய்கறி இல்லை, திருவிழா. ஜூன் 24, புனித யோவான் நாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருடத்துக்குச் செடி தெம்பு சேர்க்கவேண்டுமாம். அந்த வருடம் திருவிழாவுக்கே ஆள் இல்லை. ஜெர்மன் வயல்களுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் பருவத் தொழிலாளர்கள் வருகிறார்கள், பெரும்பாலும் ருமேனியா, போலந்திலிருந்து. மார்ச் 25 அன்று அவர்கள் நுழையத் தடை விழுந்தது. விவசாயிகள் கூச்சல் போட்டபின், ஏப்ரலில் 40,000 பேர், மே மாதத்தில் 40,000 பேர் என்று விமானத்தில் அழைத்துவர அனுமதி கிடைத்தது. நான் வாங்கும் கடையில் இடைப்பட்ட வாரங்களில் கல்லூரி மாணவர்கள் வெட்டினார்களாம். “மூன்றாம் நாள் எல்லோருக்கும் முதுகு” என்றார் விவசாயி. விலைச் சிலேட்டைப் பார்த்து நான் முனகியதற்குப் பதிலாக அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். முனகலை நிறுத்திக்கொண்டேன்.

ஷ்பார்கல் புதுசா என்று பார்க்க இரண்டு தண்டை ஒன்றோடொன்று உரசவேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் அன்றைய வெட்டு. அடிநுனியை அமுக்கினால் ஈரம் கசியவேண்டும். எனக்கோ தொடத் தடை. “உரசிக் காட்டுங்கள்” என்றேன். அவர் இரண்டு தண்டை எடுத்து, தூரத்திலிருந்தே, வயலின் வாசிப்பதுபோல உரசினார். கேட்டது. வாங்கியவர்கள் ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், தலையிலிருந்து கீழ்நோக்கித் தோல் சீவுங்கள். பச்சை ரகத்துக்கு அடிப்பக்கம் மட்டும் சீவினால் போதும். விலை கட்டுப்படியாகாது என்றால், சூப்புக்கென்று ஒடிந்த துண்டுகளைத் தனிப்பெட்டியில் பாதி விலைக்குப் போட்டிருப்பார்கள். ருசியில் ஒரு குறையும் இல்லை. சீவிய தோலை வேகவைத்த தண்ணீரில் மிளகு ரசம் வைத்தேன். பாராட்டும் வரவில்லை, மிச்சமும் இருக்கவில்லை.

ஏப்ரல் 27 முதல் எங்கள் மாநிலத்தில் கடைக்குள்ளும் டிராமிலும் முகக்கவசம் கட்டாயமானது. திறந்தவெளிச் சந்தையிலும் ஆட்கள் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அதோடு என் ஜெர்மன் மறுபடி பாதாளத்துக்குப் போயிற்று. இந்த மொழியில் 32 என்பதை ‘இரண்டும் முப்பதும்’ என்று தலைகீழாகச் சொல்வார்கள். உதட்டைப் பார்க்கமுடியாமல், துணிக்குள்ளிருந்து வரும் ‘ட்ஸ்வை’யும் ‘ட்ரை’யும் ஒன்றாகவே கேட்டன. கடைக்காரர்களே வழி கண்டுபிடித்தார்கள். டெலிபோனில் சொல்வதுபோல இரண்டுக்கு ‘ட்ஸ்வோ’ என்றார்கள். நான் தராசின் எண் பலகையைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன், அது வாங்குபவர் பக்கமும் திரும்பியிருக்கும். விரல் காட்டுவதிலும் கவனம் வேண்டும். ஜெர்மன்காரர்கள் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார்கள்: கட்டைவிரல் ஒன்று, ஆட்காட்டி விரலும் சேர்ந்தால் இரண்டு. நான் ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி ஒரு முட்டைக்கோஸ் கேட்டபோது, ஒன்றா இரண்டா என்ற சந்தேகத்தில் தாராளமாக இரண்டு வந்தது. திருப்பிக் கொடுக்கவும் கூச்சம். அந்த வாரம் முழுக்க கோஸ்.

பணம் கொடுப்பதில் பெரிய மாற்றம் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். தொடாமல் தட்டும் கார்டுக்கு ரகசிய எண் கேட்கும் வரம்பை 25 யூரோவிலிருந்து 50 ஆக்கினார்கள். ரொட்டிக்கடையில்கூடக் கார்டு எடுத்தார்கள். விவசாயிகளில் பாதிப் பேர் அசையவில்லை. ஒரு தட்டை நீட்டுவார்கள், அதில் காசைப் போடவேண்டும், மீதியும் அதே தட்டில் வரும். 5, 10 யூரோத் தாளும் சில்லறையும் இல்லாமல் போகாதீர்கள். துணிப்பையும் நீங்களே கொண்டுபோகவேண்டும்.

எல்லாவற்றையும் சந்தையில் வாங்கச் சொல்லமாட்டேன். வாழைப்பழம், எலுமிச்சை, பூண்டு, வெங்காயம் இவற்றுக்குச் சந்தையில் கூடுதல் காசு கொடுப்பது வீண். டிஸ்கவுண்ட் கடையிலேயே வாங்கினேன். கீரை, உருளை, முட்டை, ஆப்பிள், பருவத்துக் காய் ஆகியவற்றைத்தான் சந்தையில் வாங்கினேன். எங்கள் காய்கறிச் செலவு கூடியது உண்மை, குப்பைக்குப் போனது குறைந்ததும் உண்மை. சனிக்கிழமை கூட்டத்தைத் தவிர்த்தேன். அதிகாலை வயதானவர்களின் நேரம், அதில் போய் இடிக்கவேண்டாம் என்று பத்து மணிக்குப் போவேன். மூடுவதற்கு அரை மணி முன் போனால் கீரையும் ஸ்ட்ராபெரியும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் தேர்வு செய்ய ஒன்றும் மிஞ்சாது. செடி வாங்கும் ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை: மே 11 முதல் 15 வரை ‘பனிப் புனிதர்கள்’ நாட்கள். அது தாண்டும்வரை மிளகாய், தக்காளி நாற்றை வெளியே வைக்காதீர்கள் என்று விவசாயி சொன்னார். ஏப்ரலிலேயே வைத்துப் பறிகொடுத்த பிறகுதான் கேட்டேன்.

மே மாதத்தில் ஒருநாள் அம்மா வீடியோவில் வந்தார். சென்னை விருகம்பாக்கம் வீடு. “கோயம்பேட்டையே மூடிட்டாங்கடி.” மே 5 அன்று மூடி, மார்க்கெட்டைத் திருமழிசைக்குக் கொண்டுபோன சமயம். தள்ளுவண்டிக்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் காயை மஞ்சள் தண்ணீரில் கழுவி மொட்டைமாடியில் காயவைப்பதாகச் சொன்னார். என் கையில் இருந்த நூல்கோலைக் காட்டினேன்.

“நகம் வச்சுப் பாத்தியா?”

“தொடவிடமாட்டாங்கம்மா. கேட்டுத்தான் வாங்கணும்.”

“தொட்டுப் பாக்காம என்னடி காய் வாங்குற? கேட்டா உண்மையச் சொல்லிடுவாங்களா?”

“சொல்றாங்கம்மா.”

அம்மா நம்பவில்லை.

நவம்பரில் மறுபடி அடைப்பு, டிசம்பர் 16இலிருந்து இன்னும் கெடுபிடி. கிறிஸ்துமஸ் சந்தை அந்த வருடம் கிடையாது. காய்கறிச் சந்தை மட்டும் குளிரில் நடந்தது. ஃபெல்ட்சலாட் என்ற சின்ன இலைக்கீரையை இந்தப் பக்கத்தில் சுன்னவிர்பெலெ என்கிறார்கள். அந்தப் பெயரைச் சரியாக உச்சரித்ததற்கு ஒரு கைப்பிடி அதிகம் கிடைத்தது. வரிசை நீண்டு கோபுர வாசல்வரை போன ஒரு காலையில், சுவரில் செதுக்கியிருக்கும் அளவுகளை முதன்முறையாக நிதானமாகப் பார்த்தேன். ரொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று கல்லில் வெட்டிய வட்டங்கள். 1270, 1317, 1320 என்று வருடங்கள். விலையை ஏற்றாமல், தானியம் கிடைக்கும் அளவைப் பொறுத்து ரொட்டியைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ செய்வார்களாம். சந்தேகம் உள்ளவர் வாங்கிய ரொட்டியைக் கொண்டுவந்து சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சுவரைத் தொடத் தடை எதுவும் எழுதியிருக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு 1317ஐத் தொட்டுப் பார்த்தேன், கல் ஜில்லென்றிருந்தது.

ஃப்ரைபுர்க் பக்கம் வந்தால், செவ்வாய் அல்லது புதன் காலை பத்து மணிக்கு வடக்குப் பக்கம் போங்கள். சில்லறை எடுத்துப் போங்கள். நூல்கோல் வாங்கினால் இலையை விட்டுவிட்டு வராதீர்கள்.